அரைவட்டக் குழல் நோய்கள்

அரைவட்டக் குழல் நோய்கள் என்பவை உட்செவியில் அமைந்துள்ள அரைவட்டக் குழல்களைப் பாதித்து, தலைச்சுற்றலையும் உடற்சமநிலைக் குறைவையும் உண்டாக்கும் நோய்கள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தற்றவை. எனினும் உயரமான இடங்களிலும் இயங்கும் எந்திரங்களின் அருகிலும் பணிபுரிவோருக்கு, சில நொடிகளே நீடிக்கும் சுற்றல்கூடப் பெரும் விபத்தில் முடியக்கூடும். எனவே, காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி போன்ற இடங்களில் இந்நோய்கள் பணிப் பாதுகாப்புடனும் வேலைவாய்ப்புடனும் தொடர்புடையனவாகின்றன.

அமைப்பும் செயற்பாடும்

ஒவ்வொரு காதிலும் முன்குழல், பின்குழல், கிடைக்குழல் என மூன்று குழல்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்துள்ளன. இவற்றினுள் உள்நிணநீர் எனும் திரவம் நிறைந்துள்ளது. தலை திரும்பும்போது இத்திரவம் சற்றுப் பின்தங்குவதால், குழலின் பருத்த முனையில் உள்ள கூழ்போன்ற மடல் வளைந்து உணர்மயிர்ச் செல்களைத் தூண்டுகின்றது. மூளை இத்தகவலைக் கண்கள், தசைகள் ஆகியவற்றிலிருந்து வரும் தகவல்களுடன் ஒப்பிட்டுச் சமநிலையைப் பேணுகின்றது. ஒரு பக்கத்துக் குழல் மட்டும் தவறான தகவலை அனுப்பினால், அசையாமல் இருப்பவருக்கும் உலகம் சுழல்வதுபோல் தோன்றும். கண்கள் தாமாகவே துடிக்கும். இத்துடிப்பு விழிநடுக்கம் எனப்படும்.

பிரான்சு நாட்டின் பியர் புளோரன்சு 1824 இல் புறாக்களின் குழல்களை வெட்டி ஆராய்ந்து, அவை உடல் இயக்கத்துடன் தொடர்புடையவை எனக் காட்டினார். வியன்னாவைச் சேர்ந்த ராபர்ட் பாரனி இத்துறைக்காக 1914 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். பரிசுச் செய்தி கிடைத்தபோது அவர் உருசியாவில் போர்க் கைதியாக இருந்தார்.

நிலைசார் தலைச்சுற்றல்

இந்நோய்களில் மிகப் பரவலானது தீங்கற்ற நிலைசார் தலைச்சுற்றல் ஆகும். உட்செவிப் பையில் இருக்கவேண்டிய நுண்ணிய கால்சியம் கார்பனேட்டுத் துகள்கள் பிரிந்து குழலுக்குள் விழுவதே இதன் காரணம். பெரும்பான்மையானோரில் பின்குழலே பாதிக்கப்படுகின்றது. படுக்கையில் புரளும்போதும், எழும்போதும், மேலே அண்ணாந்து பார்க்கும்போதும் கடுமையான சுற்றல் ஏற்பட்டு, வழக்கமாக ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இது மிகுதி. இளையோரில் தலைக்காயம் ஒரு முக்கியக் காரணமாகும். இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டவருக்குச் சில நாட்கள் கழித்தும் இது தோன்றலாம்.

நோயைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 1952 இல் டிக்சும் ஆல்பைக்கும் விளக்கிய முறையில், நோயாளியின் தலையை 45 பாகை திருப்பி, விரைவாக மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுத் தொங்கவிட்டுக் கண்களைக் கவனித்தல் போதுமானது. சிகிச்சையும் எளியதே. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992 இல் வெளியிட்ட முறையில், அதே நிலையிலிருந்து தலையை மறுபக்கம் 90 பாகையும், பின் உடலுடன் சேர்த்து மேலும் 90 பாகையும் திருப்பி, இறுதியில் எழுப்பி உட்காரவைப்பர். துகள்கள் குழலைச் சுற்றிவந்து மீண்டும் பைக்குள் விழுந்துவிடும். ஐந்து நிமிடத்தில் முடியும் இம்முறை பெரும்பாலானோருக்கு ஓரிரு தடவைகளிலேயே பயனளிக்கின்றது. கழுத்து எலும்பு நோய் உள்ளவர்களுக்கு இதை எச்சரிக்கையுடன் செய்தல் வேண்டும். தலைச்சுற்றல் மாத்திரைகள் துகள்களை அகற்றுவதில்லை. எனினும் நடைமுறையில் அவையே மாதக்கணக்கில் உட்கொள்ளப்படுவது வருந்தத்தக்கது.

பிற நோய்கள்

சமநிலை நரம்பு அழற்சியில் சுற்றல் நாட்கணக்கில் நீடிக்கும். பிரான்சு மருத்துவர் மெனியே 1861 இல் விவரித்த நோயில் சுற்றலுடன் காது இரைச்சலும் கேட்டல் குறைவும் சேர்ந்து வரும்.

நெடுநாள் சீழ் வடியும் காதில் வளரும் தோல்திசுக் கட்டி கிடைக்குழலின் எலும்பை அரித்துத் துளையிடலாம். இது இந்தியாவில் புறக்கணிக்கத்தகாத காரணமாகும். சீழ்வடியும் காதுடன் தலைச்சுற்றலும் இருப்பின் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

முன்குழலின் மேலுள்ள எலும்பு மெலிந்து திறந்துகொள்ளும் நோய் 1998 இல் விவரிக்கப்பட்டது. இதில் உரத்த ஒலியே சுற்றலை உண்டாக்கும் என்பதால், தகடு அழுத்தும் எந்திரக் கூடங்களில் பணிபுரிவோர் கவனிக்கவேண்டிய நோய் இது.

காசநோய்க்கு அளிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி உணர்மயிர்ச் செல்களை நிலையாக அழிக்கக்கூடியது. 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையத்தின் ஆய்வுகளிலும் இம்மருந்தின் பக்கவிளைவாகத் தலைச்சுற்றல் பதிவாகியுள்ளது.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில்

இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பேட்டைகள் உள்ளன. 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010 இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியபின் இப்பகுதி வாகன உற்பத்தி மையமாக வளர்ந்தது. வாகனத்தின் அடிப்பகுதியில் அண்ணாந்து வேலை செய்தல், உயர அடுக்குகளில் பொருள் எடுத்தல், பாரந்தூக்கி இயக்குதல், கூரைப் பராமரிப்பு முதலியன நிலைசார் தலைச்சுற்றல் உள்ளவருக்கு இடர் தரும் பணிகளாகும். இப்பணிகளே அந்நோயை உண்டாக்குகின்றன என்று கருதலாகாது.

உயரப் பணிக்கு ஆளெடுக்கும்போது தலைச்சுற்றல் சோதனை என்ற பெயரில், கண்களை மூடி நிற்கச் செய்தும் நேர்கோட்டில் நடக்கச் செய்தும் பார்ப்பது வழக்கம். நிலைசார் தலைச்சுற்றல் உள்ளவர் இச்சோதனையில் எளிதில் தேறிவிடலாம். மறுபுறம், உயர அச்சம் மட்டுமே உள்ளவர் காது நோயாளி எனத் தவறாக ஒதுக்கப்படலாம். குணப்படுத்தக்கூடிய நோயை வேலை போய்விடும் என்ற அச்சத்தால் ஒப்பந்தத் தொழிலாளர் மறைத்தால், இடர் அவருக்கு மட்டுமன்று. கீழே நிற்பவருக்கும் உண்டு.

சொல் குழப்பமும் உண்டு. தமிழில் மயக்கம், கிறுகிறுப்பு, தலைச்சுற்றல், பித்தம் ஆகியவை ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குகின்றன; ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் ‘சக்கர்’ என்பர். பசியாலும் வெயிலாலும் வரும் கண்ணிருட்டலும் இதே சொற்களால் சொல்லப்படும். "உங்களைச் சுற்றி இடம் சுழல்கிறதா, படுக்கையில் புரளும்போது வருகிறதா" எனக் கேட்பது பாதி நோயறிதலுக்குச் சமம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையில், அறிவிக்கத்தக்க நோயாக இரைச்சலால் வரும் கேட்டல் இழப்பு உள்ளது. அரைவட்டக் குழல் நோய்கள் இல்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தோர் அதன் மருந்தகம் வழியாக மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். இதற்கான மாத ஊதிய வரம்பு 2017 சனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

எச்சரிக்கை அறிகுறிகள்

சுற்றலுடன் இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கை கால் வலுவிழப்பு, இதுவரை இல்லாத கடும் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். அந்நிலையில் உடனடியாக 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.