எந்தப் போன் வாங்குவது? எங்கள் மாகாணத்தின் பிளாக்பெரி சொல்லும் கதை



ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் இளைஞர் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் வந்து கேட்பீர்கள்: "அக்கா, ஐபோன் வாங்குறதா, அன்ட்ராய்ட் வாங்குறதா?" பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களும் முதல் சம்பளம் எடுத்தவர்களும்தான் அதிகம் கேட்கிறீர்கள். ஒரே சொல்லில் பதில் சொல்ல எங்களால் முடிவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொல்கிறோம். அது ரொறன்ரோவிலிருந்து மேற்கே நெடுஞ்சாலை 401இல் ஒன்றரை மணி நேரம் ஓடினால் வரும் வாட்டர்லூ நகரத்தில் தொடங்குகிறது.

1984இல் மைக் லசாரிடிஸ், டக்ளஸ் ஃப்ரெகின் என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே 'ரிசேர்ச் இன் மோஷன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். லசாரிடிஸ் துருக்கியில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் கனடா வந்தவர். எங்களைப்போல ஒரு குடிவரவாளர் வீட்டுப் பிள்ளை. 1999இல் அவர்களுடைய பிளாக்பெரி வந்தது. மின்னஞ்சல் வந்த உடனேயே சட்டைப் பையில் இருக்கும் கருவிக்கும் வந்து சேரும். சின்ன விசைப்பலகையில் இரண்டு பெருவிரல்களால் பதில் எழுதலாம். வழக்கறிஞர்கள், வைத்தியர்கள், அரச அதிகாரிகள் எல்லோரும் அதைக் கையில் வைத்திருந்தார்கள். 2005இல் பிபிஎம் என்ற செய்திச் சேவை வந்தபிறகு இளைஞர்களும் வாங்கத் தொடங்கினார்கள். 2010 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்மார்ட்போன் வைத்திருந்த 10 பேரில் 4 பேருடைய கையில் இருந்தது பிளாக்பெரி.

இதற்கிடையில் போட்டி ஆரம்பமாகிவிட்டது. 2007 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் ஐபோனை அறிமுகப்படுத்தியது. கனடாவுக்கு அது 2008 ஜூலை 11ஆம் திகதிதான் வந்தது. விலை 199 டொலரிலிருந்து தொடங்கியது. ஆனால் 3 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். கூகுளின் அன்ட்ராய்டில் இயங்கும் முதல் போன் 2009 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்தது.

நாங்கள் மூன்று தோழிகள் அந்த நேரம் தாதியியல் படித்துக்கொண்டிருந்தோம். பகுதிநேர வேலைக் காசில் ஆளுக்கொரு போன் வாங்குவதென்று முடிவெடுத்தோம். நூலகத்தில் இருந்து ஒரு கொப்பியில் கோடு போட்டு ஒப்பிட்டோம்: விலை, கமரா, பற்றரி, விசைப்பலகை. அந்தப் பட்டியலில் பிளாக்பெரி சுலபமாக வென்றது. பற்றரி நாள் முழுக்க நின்றது. பிபிஎம் இருந்தது. ஐபோனிலோ 2009 ஜூன் வரைக்கும் ஒரு வரியை வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டும் வசதிகூட இல்லை. "எங்கட ஒன்ராறியோப் போன்" என்ற பெருமை வேறு. இரண்டு பேர் பிளாக்பெரி வாங்கினோம். ஒருத்தி மட்டும் ஐபோன் வாங்கி, எங்களிடம் நன்றாகப் பேச்சு வாங்கினாள்.

எங்கள் பட்டியலில் பிழை இல்லை. எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் கேட்கவேண்டிய ஒரு கேள்வி அதில் இருக்கவில்லை: இந்தப் போனுக்காக இனி யார் வேலை செய்யப்போகிறார்கள்?

2008 ஜூலையில் அப்பிள் தன் செயலிக் கடையை 500 செயலிகளுடன் திறந்தது. அதன்பிறகு போன் என்பது பெட்டிக்குள் வந்த பொருள் மட்டும் அல்ல. உலகமெங்கும் இருந்த நிரலாளர்கள் அதற்குத் தினமும் புதிது புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். பிளாக்பெரியும் சும்மா இருக்கவில்லை. 2008 இறுதியில் ஸ்டோர்ம் என்ற தொடுதிரைப் போனை வெளியிட்டது. அதில் வைஃபை இல்லை. 2011இல் பிளேபுக் என்ற பலகைக் கணினியை வெளியிட்டது. மின்னஞ்சலால் பெயர் வாங்கிய நிறுவனத்தின் கருவியில், தொடக்கத்தில் மின்னஞ்சல் செயலியே இல்லை. அதே வருடம் ஒக்டோபரில் சேவை 3, 4 நாட்கள் பல நாடுகளில் முடங்கியது.

2013 ஜனவரியில் பிளாக்பெரி 10 என்ற முற்றிலும் புதிய இயங்குதளம் வந்தது. நல்ல இயங்குதளம்தான். ஆனால் பழைய பிளாக்பெரிகளை அதற்கு மாற்ற முடியவில்லை. பழைய செயலிகளும் அதில் ஓடவில்லை. அது சுமார் 70,000 செயலிகளுடன் தொடங்கியபோது அப்பிளின் கடையில் 7 லட்சத்துக்கு மேல் இருந்தன. வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் செயலி செய்கிறவர்கள் வரவில்லை. செயலி இல்லை என்பதால் வாங்குகிறவர்கள் வரவில்லை. 2016இல் நிறுவனம் தானே போன் செய்வதை நிறுத்தியது. பொதுமக்களுக்கான பிபிஎம் 2019 மே 31ஆம் திகதி மூடப்பட்டது. 2022 ஜனவரி 4ஆம் திகதியோடு பழைய பிளாக்பெரிகளுக்கான சேவைகளும் முடிந்தன.

தோற்றவர் பிளாக்பெரி மட்டும் அல்ல. 2012 ஏப்ரலில் அமெரிக்காவில் நொக்கியா லூமியா 900 விற்பனைக்கு வந்தது. அதற்கு அடுத்த ஜூனிலேயே, வரப்போகும் விண்டோஸ் போன் 8 அந்தப் போனுக்குக் கிடையாது என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. வென்ற அன்ட்ராய்டிலும் இது நடந்தது. முதல் அன்ட்ராய்ட் போன் கனடாவுக்கு வந்து 5 மாதத்துக்குள் அன்ட்ராய்டின் 2ஆம் பதிப்பு வெளியானது. அந்தப் போனுக்கு அது வரவேயில்லை. ஆனால் 3 வருட ஒப்பந்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒப்பந்தச் சிறையை உடைத்தது ஒரு சட்டவிதி. 2013 டிசெம்பரில் கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையம் கொண்டுவந்த விதியின்படி, 2 வருடத்துக்குப் பிறகு கட்டணம் இல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். 2017 டிசெம்பரிலிருந்து போன்களைப் பூட்டாமலே விற்கவேண்டும் என்றும் ஆனது. இன்று நீங்கள் நிறுவனம் மாறுவது எங்களுக்கு இருந்ததைவிட எவ்வளவோ சுலபம்.

தமிழில் எழுதும் வசதியும் இப்படிப் படிப்படியாகத்தான் வந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. 2013இல் வந்த ஐஓஎஸ் 7இல் தமிழ் விசைப்பலகை ஐபோனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்குத் தமிழில் இரண்டு வரி அனுப்ப நாங்கள் எத்தனை வருடம் ஆங்கில எழுத்தில் தடுமாறினோம் என்று உங்களுக்குத் தெரியாது.

இத்தனையும் பார்த்தபிறகும் போன வருடம் நாங்கள் மறுபடியும் அதே பிழையை விட்டோம். எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு நீரிழிவு. கையில் ஒட்டிக்கொண்டால் சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும் சென்சரை வைத்தியர் எழுதிக்கொடுத்தார். வீட்டில் கீறல் இல்லாத பழைய போன் ஒன்று இருந்தது. அதையே அம்மாவுக்குக் கொடுத்தோம். சென்சரின் செயலி அதில் ஏறவில்லை. அந்தப் போனின் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்புகள் நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. வேறு போன் வாங்கும்வரை இரண்டு கிழமை அம்மா விரலைக் குத்திக்குத்தித்தான் சர்க்கரை பார்த்தார். இரவில் அளவு இறங்கினால் எழுப்புவதற்கு எதுவும் இல்லை என்பதால் மகள் பக்கத்திலேயே படுத்தாள். தினமும் நோயாளர்களுக்கு இதை விளங்கப்படுத்தும் தாதியர் நாங்கள். எங்கள் வீட்டில் கேட்க மறந்துவிட்டோம்.

ஆகவே கடைக்குப் போகமுன் மூன்று விடயம் பாருங்கள்.

முதலாவது, இந்த மொடலுக்குப் பாதுகாப்பு மேம்பாடு எந்த வருடம்வரை வரும்? 2023இல் வந்த கூகுள் பிக்சல் 8க்கும் 2024இல் வந்த சாம்சுங் கலக்ஸி எஸ்24க்கும் 7 வருடம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். 2013இல் வந்த ஐபோன் 5எஸ்க்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்பு மேம்பாடு வந்தது. கழிவு விலையில் கிடைக்கும் போன் பல நேரம் பழைய மொடலாக இருக்கும். அதன் வருடங்களில் பாதி கடையிலேயே கழிந்திருக்கலாம். விலையை மீதி வருடங்களால் பிரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, உங்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் கட்டாயம் தேவையான செயலிகள் எவை? வங்கி, வேலையிடம், மருத்துவக் கருவி. அவை கேட்கும் இயங்குதளப் பதிப்பு அந்தப் போனில் இருக்கிறதா?

மூன்றாவது, நாளைக்கு இதை விட்டுப் போவதென்றால் படங்களையும் செய்திகளையும் கொண்டுபோக வழி இருக்கிறதா? இருந்தால் இன்றே ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.

இந்த மூன்றிலும் தேறினால் அது ஐபோனாக இருந்தாலும் அன்ட்ராய்டாக இருந்தாலும் நல்ல போன்தான். பிறகு நிறத்தையும் கமராவையும் உங்கள் விருப்பப்படி பாருங்கள்.

எங்கள் பிளாக்பெரி ஒன்று இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. விசைகள் இப்போதும் நன்றாகவே அமுங்குகின்றன. வேண்டுமானால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். பெருவிரலால் எழுதிப் பாருங்கள். நாங்கள் ஏன் அதை வாங்கினோம் என்று விளங்கும்.