எழுத்தறிந்தார்க்கே சித்திரம் பேசும்

காஞ்சி மாநகரின் வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. எட்டாம் நூற்றாண்டில் அக்கோயிலை எழுப்பிய இரண்டாம் நந்திவர்மன், முந்தைய மன்னரின் மகன் அல்லன். பல்லவரின் கிளை மரபிலிருந்து பன்னிரண்டு வயதில் அழைத்துவரப்பட்டு முடிசூட்டப் பெற்றவன். ஆகவே, ‘நான் யார், எவர் வழிவந்தவன்’ என்பதைக் கல்லில் நிலைநாட்ட வேண்டிய தேவை அவனுக்கு இருந்தது. சில சிற்பங்களுக்கு அருகே தமிழில் விளக்கக் குறிப்புகள் உள்ளன. வரலாற்றறிஞர் சி. மீனாட்சி, 1941இல் வெளியான தம் நூலில், அக்குறிப்புகளைத் துணைக்கொண்டே காட்சிகளை விளக்கினார். குறிப்பு இல்லாத காட்சிகளுக்குப் பொருள் காண்பதில் ஊகமே வழி. கல் அழியவில்லை, சொல் இல்லாமையால் நினைவு மங்கிற்று.

இவ்வூர்ப் பட்டுத்தறியிலும் இதனைக் காணலாம். உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து ஒன்றோடொன்று பிணைக்கும் முறைக்குக் ‘கோர்வை’ என்று பெயர். கோபுரக்கரை, மல்லிமொக்கு என ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர் மறந்த தலைமுறைக்கு அது வெறும் அலங்காரமே.

சித்திரமும் எழுத்தும் சேர்ந்தே நினைவைக் காக்கின்றன என்பதை நம் காலத்து ஓவியர்களும் உணர்ந்திருந்தனர். சென்னைக்கு அருகே 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977), 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தீட்டினார். மேலைநாட்டு ஓவிய முறையில் பயின்ற அவர், தம் மண்ணுக்குரிய அடையாளத்தைச் சாதகக் கட்டங்களிலும் ஏட்டுச் சுவடிகளை ஒத்த வரிகளிலும் தேடினார். ஆயினும் அவ்வரிகள் மலையாள எழுத்தின் சாயலை மட்டுமே கொண்டவை. அவற்றைப் படித்துப் பொருள் காண இயலாது. அவர் காட்டியது எழுத்தின் தோற்றத்தை.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் ஜரீனா ஹாஷ்மி (1937–2020). அலிகரில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் மகளாகப் பிறந்து, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர். பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளில் குடும்பம் கராச்சிக்குப் பெயர்ந்தது. அவரோ பல நாடுகளில் வாழ்ந்து, நியூயார்க்கில் நிலைகொண்டார். 1999இல் அவர் உருவாக்கிய 36 மரச்செதுக்கு அச்சுகளில், வாசல், முற்றம் போன்ற வீட்டுச் சொற்கள் உருது எழுத்தில், கோட்டுருவங்களோடு இடம்பெற்றன. தம் சகோதரி ராணி எழுதியும் அஞ்சலில் சேர்க்காத கடிதங்களைக் கொண்டு 2004இல் ஒரு படைப்பைச் செய்தார். பெற்றோர் மறைவையும் வீடு விற்கப்பட்டதையும் பேசும் அக்கடித வரிகளின் மேல், வீட்டின் தரைப்படமும் நிலப்படமும் பதிந்துள்ளன. உருது அறியாதவர் அங்கே கோடுகளைக் காண்பார். அறிந்தவருக்கோ இழந்த இல்லம் ஒன்றின் குரல் கேட்கும்.

எழுத்தையே கலையாக்கிய இஸ்லாமிய மரபின் வழிவந்த நமக்கு இதில் வியப்பில்லை, கவலைதான் உண்டு. தமிழ் ஒலிகளுக்கெனப் புதிய எழுத்து வடிவங்களைச் சேர்த்து, தமிழை அரபு லிபியில் எழுதிய அரபுத்தமிழ் நம் முன்னோர் விட்டுச்சென்ற கோர்வை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் நூல்கள் அவ்வெழுத்தில் உருவானவையே. எங்கள் இல்லத்தில் பாட்டியார் கைப்பட எழுதிய அரபுத்தமிழ் ஏடு ஒன்று உண்டு. அதை ஒருமுறை என் மாணவர் ஒருவரிடம் தந்தேன். அரபு நூல்களைத் தடையின்றி ஓதும் அவர், முதல் வரியிலேயே திகைத்தார்; ‘இது எந்த நாட்டு அரபு, ஹஜ்ரத்?’ என்று கேட்டார். வாய்விட்டு மெல்லப் படிக்கச் சொன்னேன். மூன்றாம் வரியில் அவர் முகம் மலர்ந்தது. ‘இது தமிழல்லவா!’ என்றார். பேறுகாலத்தில் ஓத வேண்டிய துஆக்களும், கடன் கொடுத்தோர் பெயர்களும் அதில் அடுத்தடுத்து இருந்தன.

அவ்வேட்டைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம் என இல்லத்தார் சிலர் கருதினர். நான் இசையவில்லை. படிக்க ஆள் இல்லாத நாளில் அது அழகிய சித்திரமாக எஞ்சும். பாட்டியார் அதிலிருந்து நீங்கிவிடுவார். இப்போது வாரம் ஒரு நாள், அஸருக்குப்பின், நான்கு மாணவர்கள் அதை உரக்கப் படித்துப் படியெடுக்கின்றனர்.