மண்ணில் கிடைக்கும் வெள்ளி முலாம் கரண்டிகள்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய வீட்டுத் தோட்டங்களையும் குப்பைக்குழிகளையும் தோண்டினால் கறுத்துப்போன கரண்டிகளும் முள்கரண்டிகளும் அகப்படும். பெரும்பாலானவை வெள்ளியல்ல, வெள்ளி முலாம் பூசியவை.

1740களில் ஷெஃபீல்டின் தாமஸ் போல்சோவர், செம்பின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைக்கும் முறையைக் கண்டறிந்தார். கரண்டியை மலிவாக்கியது அதுவல்ல, 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன்கள் காப்புரிமை பெற்ற மின்முலாம். அடியில் இருப்பது பெரும்பாலும் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம். நம் பாத்திரக்கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று சொல்வது இதைத்தான். பெயரில்தான் வெள்ளி, உள்ளே துளியும் இல்லை. ஆனாலும் வெளிறிய நிறமுடையது என்பதால், முலாம் தேய்ந்த இடம் செம்பைப்போலச் சிவந்து காட்டிக்கொடுக்காது.

மண்ணில் கிடந்தபின் அந்தத் தேய்ந்த இடம் மறைந்திருப்பதில்லை. கரண்டியைக் கவிழ்த்து, குழிவின் அடிப்புறத்தைப் பாருங்கள். மேசையில் பட்டுப்பட்டு முலாம் முதலில் தேயும் இடம் அதுதான். அங்கே மட்டும் அடியிலுள்ள செம்பு பச்சை பூத்து, மற்ற இடமெல்லாம் கருமையாக இருந்தால் முலாம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அசல் வெள்ளியான ஸ்டெர்லிங்கிலும் 7.5 சதவீதம் வரை செம்பு உண்டு, அதுவும் லேசாகப் பச்சை காட்டும்; ஆகவே நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.

காம்பின் பின்புற முத்திரைதான் சரியான சாட்சி. தேய்த்துக் கழுவினால் அதுவே அழிந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் மண்ணை நீக்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டும். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றால் நிக்கல் வெள்ளியின்மேல், அதாவது அதே ஜெர்மன் சில்வரின்மேல், மின்முலாம். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் கட்டத்தில் பொறித்து, அசல் வெள்ளி முத்திரைபோலத் தோன்றச் செய்தவர்கள் பலர். ஆங்கிலேய ஸ்டெர்லிங்கின் அடையாளமான நடக்கும் சிங்கம் அவற்றில் இராது.

அதிகம் ஏமாற்றுவது ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ முத்திரை. 1847 என்பது அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த ரோஜர்ஸ் சகோதரர்கள் மின்முலாம் கரண்டிகளைச் செய்யத் தொடங்கிய ஆண்டு. 1862இல் அவர்களின் பெயரைப் பெற்ற மெரிடன் பிரிட்டானியா நிறுவனம், ரோஜர்ஸ் பெயர் கொண்ட மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்ட அந்த ஆண்டைப் பெயருக்கு முன்னே சேர்த்தது. இருபதாம் நூற்றாண்டுக் கரண்டியிலும் அதே எண்தான்.

காலத்தைக் காட்டும் குறிகள் வேறு. சாய்சதுர வடிவப் பதிவுக்குறி பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை வழங்கியது. 1884 முதல் வெறும் பதிவெண். இரண்டுமே வடிவம் பதிவான காலத்தைத்தான் சொல்கின்றன. பொருள் அதற்குப் பிந்தியதாகவும் இருக்கலாம். கத்தியென்றால் அலகைப் பார்க்க வேண்டும்: ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913இல்தான். அதற்கு முந்தைய கத்திகளில் அலகு துருவாய் உதிர்ந்து, பிடி மட்டுமே கைக்கு வருவதுண்டு.