கட்டற்ற கணினியும் நம்மவரும்

காஜாங் பட்டணத்தை இன்று சாத்தேயின் பேரால் அறிபவரே மிகுதி. இந்நாட்டுச் சரித்திரத்தில் அவ்வூருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் அங்குள்ள இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டார்கள். மலாயாவில் வியாபாரத்திற்கென்று ரப்பர் பயிராக்கிய முதற் சில இடங்களில் அஃதொன்று. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிய, இங்கே காப்பியை நம்பியிருந்த துரைமார் விலைவீழ்ச்சியால் கலங்கிய காலம் அது. ஆயினும் பழகிய பயிரை விட்டுப் புதுப்பயிருக்கு மாற அவர்களிற் பலர் எளிதில் துணியவில்லை. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, சட்டைப்பையில் ரப்பர் விதைகளை வைத்துக்கொண்டு, கண்ட தோட்டத் துரைமாரையெல்லாம் நடும்படி வற்புறுத்துவாராம். அதற்குக் கிடைத்த பரிசு பைத்தியக்காரன் என்னும் பட்டம். மரத்தைச் சாகடியாமல் பாலெடுக்கும் வெட்டுமுறையையும் அவரே ஆராய்ந்து கண்டு, வெளிப்படையாக எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார்.

விதையும் மறைக்கப்படவில்லை, வித்தையும் மறைக்கப்படவில்லை. ஆனால் பலன் எவர்க்குப் போயிற்று? நிலமும் முதலும் உடையவர்க்கே போயிற்று. அந்த வெட்டை நாள் தவறாமல், விடியுமுன் எழுந்து, மழைக்கும் கொசுவுக்கும் இடையே செய்தவர் நம் பாட்டனாரும் பாட்டிமாரும். கத்தி அவர்கள் கையிலிருந்தது, மரம் பிறர் கையிலிருந்தது. கட்டற்ற மென்பொருளைப்பற்றி எழுத உட்காரும்போது இந்தப் பழங்கதை எனக்கு முன்னே வந்து நிற்கிறது. ஒரு பொருள் விலையின்றிக் கிடைப்பதும், அது நமக்கு உரியதாவதும் ஒன்றென்று எண்ணிவிட இக்கதை இடங்கொடுப்பதில்லை.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது? தோட்ட ஆபீசிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். மாத முடிவில் ஒரு கிராணி, "உன் சம்பளம் இவ்வளவு" என்று தொகையை மட்டும் சொல்லிப் பணத்தைக் கொடுக்கிறார். மற்றொருவர் செக்ரோல் புத்தகத்தைத் திறந்து, எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ, எதற்காகப் பிடித்தம் என்று வரிவரியாய்க் காட்டுகிறார். இருவரும் கொடுக்கும் தொகை ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் இரண்டாமவரிடந்தான் தொழிலாளி கேள்வி கேட்க முடியும். கணினி மென்பொருளுக்கும் இவ்வாறு ஒரு புத்தகம் உண்டு. அதற்கு மூலநிரல் என்று பெயர். அதைப் பூட்டி வைத்து விளைவை மட்டும் விற்பது ஒருவகை. எவரும் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் திறந்து வைப்பது மற்றொரு வகை.

இரண்டாவது வகையை ஓர் இயக்கமாக்கியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983இல் அவர் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989இல் வெளியான அதன் பொது உரிமம் ஒரு விசித்திரமான சாசனம். வாங்கியவன் பிறருக்குக் கொடுக்கும்போது, தான் பெற்ற அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டுமென்று அது விதிக்கிறது. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவைச் செய்து வெளியிட்டார். மறு ஆண்டே அதனை அந்த உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்தே இன்று நாம் லினக்ஸ் என வழங்கும் இயங்குதளம் ஆயிற்று. 1993இல் தோன்றிய டெபியனும், அதன் வழியில் 2004இல் தோன்றிய உபுண்டுவும் அதனைச் சாதாரண மக்களின் மேசைக்குக் கொண்டுவந்தவை. உபுண்டுவைத் தொடங்கிய தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த், 2011 வரையில் கேட்டவர்க்கெல்லாம் அஞ்சற்செலவும் வாங்காமல் வட்டுகளை அனுப்பி வைத்தார். ரிட்லியின் சட்டைப்பையை இது நினைப்பூட்டுகிறதல்லவா?

இனித் தமிழின் பங்கைப் பார்ப்போம். எழுதும் பொறியைத் தமிழுக்கு வசப்படுத்துவதில் மலாயாத் தமிழருக்குப் பழைய உரிமை உண்டு. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வகுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்பக்கம் வந்து உத்தியோகம் பார்த்த இரா. முத்தையா. அதனைச் செய்வித்தது ஜெர்மனியில். கணினிக் காலத்தில், 1980களிலேயே, இந்நாட்டு முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். அது கட்டற்ற வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும் ஆங்கிலமே கணினியின் மொழியென்று நம்பியிருந்த நம்மவரின் மூட நம்பிக்கையை உடைத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 1991இல் வந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று.

இதே காலத்தில், 2000ஆம் ஆண்டையொட்டி, பல நாடுகளில் சிதறியிருந்த தமிழ் இளைஞர் சிலர், ஒருவர் முகம் ஒருவர் அறியாமலே மின்னஞ்சலில் கூடி, லினக்ஸின் கேடிஈ மேசைத்தளத்தைத் தமிழாக்கத் தொடங்கினர். சம்பளமில்லை, அரசாங்க உத்தரவும் இல்லை. மூலநிரல் திறந்து கிடந்ததால் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பூட்டிய மென்பொருளைத் தமிழாக்க வேண்டுமானால், தமிழனால் இலாபம் உண்டா என்று அதன் முதலாளி கணக்குப் பார்த்து முடிவு செய்யும் வரையில் காத்திருக்க வேண்டும்.

அத்தமிழாக்கத்தை முதன்முதல் திரையில் கண்டபோது நான் அடைந்தது மகிழ்ச்சியென்று சொன்னால் பொய்யாகும். வெட்கமே அடைந்தேன். ஆங்கிலப் பள்ளியில் படித்த எனக்குக் கோப்பு எது, அடைவு எது என்று விளங்கவில்லை. ஃபைல் என்றால் உடனே தெரிகிறது, கோப்பு என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது! நெடுநேரம் தடுமாறிய பின்னரே ஆங்கிலத்திற்கு மாற்றும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். மறுநாள் மனம் கேளாமல் தமிழுக்கே திரும்பினேன். ஒரு வாரத்தில் கண் பழகிவிட்டது. பழக்கமின்மையை மொழியின் குறையாக எண்ணும் பேதைமை நம்மில் படித்தவர்க்கே அதிகம் என்பதை அந்த ஒரு வாரம் எனக்குக் காட்டிற்று. அக்காலத்தில் உண்மையான குறைகளும் இருந்தன. கொம்பும் காலும் இடம்மாறித் தோன்றும். ஒரு செயலியில் சரியாய்த் தெரியும் எழுத்து மற்றொன்றில் கட்டங்கட்டமாய்த் தெரியும். மூலநிரலைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவற்றை ஒவ்வொன்றாய்த் திருத்தினார்கள்.

நிற்க. அரசாங்கங்கள் இவ்விஷயத்தில் நடந்துகொண்ட விதம் ஆராயத்தக்கது. தமிழ்நாட்டில் எல்காட் என்னும் அரசு ஸ்தாபனம், சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராயிருந்தபோது, 2006–2007ஆம் ஆண்டுகளில் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிற்று. பிறரை மாறச்சொல்லுமுன் தமது கணினியிலேயே அவர் சோதித்துப் பார்த்தது நல்ல முறை. ஆனால் அவர் அப்பதவியில் நெடுங்காலம் நீடிக்கவில்லை, அந்த வேகமும் நீடிக்கவில்லை. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், இந்திய அரசின் சி-டாக் ஸ்தாபனம் டெபியனை அடிப்படையாக வைத்து ஆக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் அடுத்தடுத்து வைத்து வழங்கப்பட்டன. திறந்தவுடன் எதைத் தொடுவதென்று கற்பிக்க ஆளில்லாதபோது, மாணவன் அண்டை வீட்டில் கண்டதையே தொடுவான் அல்லவா? 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறவேண்டுமென்று அங்கே ஓர் உத்தரவும் வந்தது. உத்தரவு ஒரு நாளில் வரும், பழக்கம் ஒரு நாளில் வராது.

அடுத்த இராஜ்யமாகிய கேரளம் வேறு வழியில் சென்றது. அங்கே 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டம் தொடங்கிற்று. பாடத்திட்டத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளையே புகுத்தலாகாதென்று வாதாடியவர்களில் ஆசிரியர்களும் இருந்தனர். சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கே மாறின. அங்கே நடந்த விசேஷம் யாதெனில், வட்டு கொடுத்ததோடு நில்லாமல் ஆசிரியர்களைப் பயிற்றினார்கள், அந்த ஆசிரியர்களைக் கொண்டே பிறரையும் பயிற்றினார்கள், பரீட்சையையும் அதிலேயே வைத்தார்கள். அத்திட்டம் 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, பாடங்களுக்கு வேண்டிய செயலிகளைச் சேர்த்து, அந்நிறுவனம் காலந்தோறும் புதிய பதிப்பு வெளியிடுகிறது. இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகள் இதில் இயங்குவதாகச் சொல்லப்படுகிறது. உபுண்டு மேம்பட மேம்பட அவையும் மேம்படுகின்றன.

மாறியபின் திரும்பியவர்களும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் தீர்மானித்து, 2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிற்று. 2017இல் மீண்டும் விண்டோஸுக்கே செல்வதென்று தீர்மானித்தது. குறை மென்பொருளில் மட்டுமன்றி, பல கூறாய்ப் பிரிந்துகிடந்த நகரசபையின் கணினி நிர்வாகத்திலும் இருந்ததென்று அவர்கள் செய்வித்த ஆய்வே கூறிற்று. ஆகவே இதனை லினக்ஸின் தோல்வியென்று கொண்டாடுவதும், சூழ்ச்சியென்று தூற்றுவதும் ஆராய்ச்சியாகா.

நம் மலேசியாவில், 2004 ஜூலையில், மாம்பு என்னும் அரசு நிர்வாக நவீனப்படுத்தல் பிரிவு பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. தகுதி இருபுறமும் சமமாயிருக்குமிடத்துத் திறந்தமூலத்திற்கே முதலிடம் என்றது அது. ஆயினும் ஆபீஸ் மேசையிலும் வீட்டு மேசையிலும் அதன் சாயல் அதிகம் விழவில்லை. காரணம் எளிது. அந்நாட்களில் பாசார் மாலாமில், துணிக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே, திருட்டு வட்டுகள் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தன. லினக்ஸோடு போட்டியிட்டது விலையுயர்ந்த விண்டோஸ் அன்று, விலையற்ற திருட்டு விண்டோஸ். இலவசம் என்ற சொல்லுக்கே அங்கே மதிப்பில்லாமற் போயிற்று. கோயிலில் நேர்மை பேசும் நம் பெரியவர்களும் அந்த வட்டைப்பற்றி வாய் திறந்ததில்லை. நானும் வாங்கியவனே.

இப்பொழுது இதையெல்லாம் கிளறுவானேன் என்று வாசகர் கேட்கலாம். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பு, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் உள்ள கணினிகளையே ஏற்கிறது. நன்றாய் ஓடும் கணினிகள் இதனால் கழிவாகின்றன. தோட்டத்துக் குடும்பம் ஒன்று பிள்ளையின் படிப்புக்கென்று தவணையில் வாங்கிய மடிக்கணினியும் அக்கழிவில் சேரும். அவற்றிற் பெரும்பாலானவை லினக்ஸை ஏற்கும். முதலில் ஒரு யூஎஸ்பி குச்சியில் அதை ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்பதை அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பதும் எளிது. உண்மையை மறைத்தலாகாது: எக்செல்லில் மேக்ரோ எழுதிச் செய்த சம்பளக் கணக்கு, லிப்ரேஆபீஸில் அப்படியே ஓடுமென்று நம்புவதற்கில்லை. என் ஆபீஸ் கணக்கை நான் மாற்றாமைக்கு அதுவே காரணம்.

வீட்டுக் கணினியை மாற்றினேன். மேம்படுத்துவதிலேதான் அடிபட்டேன். உபுண்டுவில் இரண்டாண்டுக்கொருமுறை நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும், அதற்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. ஒரு நீண்டகாலப் பதிப்பிலிருந்து அடுத்ததற்குத்தான் ஏறவேண்டும், இரண்டு படியைத் தாண்டலாகாது. ஏறுமுன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைக்கவேண்டும். இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மின்கலம் செத்துப்போன மடிக்கணினியில், படியெடாமலே தொடங்கினேன். பாதியில் இடிமழை வந்தது, மின்சாரம் நின்றது. கறுத்த திரையில் சில வெள்ளை வரிகள் மட்டும் மிஞ்சின. என் சொந்தக் கோப்புகளுக்குரிய பகுதியைத் தனியே பிரித்து வைத்திருந்ததால் தம்பி மகளின் பள்ளிப் பாடங்கள் பிழைத்தன. இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவ அன்றிரவு பதினொரு மணியாயிற்று.

புதிய பதிப்பு வந்ததும் ஒன்றைக் கண்டேன். முன்பு தமிழில் இருந்த சில வரிகள் ஆங்கிலமாகியிருந்தன. மூலத்தில் ஒரு வாக்கியம் மாறினால் பழைய தமிழாக்கம் பொருந்தாமற் போகும். எவரேனும் மீண்டும் தமிழாக்கும் வரையில் அங்கே ஆங்கிலமே நிற்கும். இருபதாண்டுக்கு முன் செய்தவர்களுக்கு இப்போது குடும்பமும் நரையும் வந்திருக்கும். அந்த வேலை இணையத்தில் எவருக்கும் திறந்தே இருக்கிறது. ஒரு பயனர் கணக்கும், ஆங்கிலமும் தமிழும் கலந்த அறிவும் போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. சென்ற மாதம் நானும் தம்பி மகளும் உட்கார்ந்து பதினெட்டு வரிகளை எழுதி அனுப்பினோம். அவற்றுள் ஒரு சொல்லை அவள் ஒப்பவேயில்லை, இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறாள்.