வயிறு நிறைந்தும் மெலிந்த நாய்

வீட்டு நாய்க்கு வயிற்றுப்போக்கு என்றால் புதுச்சேரியில் எந்தத் தெருவிலும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: காரம் சேர்க்காமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும். இரண்டு மூன்று நாளைக்கு இது நல்ல யோசனைதான். ஆனால் பொமரேனியன் போன்ற சின்ன நாய்க்குக் கோளாறு மாதக்கணக்கில் நீடித்தால், அந்தச் சோறும் கோழியுமே மாதக்கணக்கில் தொடர்கின்றன. வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது உடம்புக்கும் போதுமா? இந்தக் கேள்விக்கு வயது 200-க்கு மேல்.

ஆங்கிலேயர் புதுச்சேரியை மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்த ஆண்டு 1816. அதே ஆண்டில் பாரிஸில் பிரான்சுவா மஜாந்தி என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். மூன்று வயதான, கொழுகொழுவென்று இருந்த ஒரு சின்ன நாய்க்கு அவர் சர்க்கரையும் காய்ச்சி வடித்த தண்ணீரும் மட்டுமே கொடுத்தார். முதல் வாரம் நாய் ஓடியாடியது. இரண்டாம் வாரம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தது. மூன்றாம் வாரம் சோர்ந்தது; கண்ணில் புண் வந்தது. 32-ஆம் நாள் இறந்துவிட்டது. ஆலிவ் எண்ணெய், வெண்ணெய் என்று தனித்தனியாகக் கொடுத்த நாய்களும் பிழைக்கவில்லை. நைட்ரஜன் உள்ள உணவு, அதாவது இன்று நாம் புரதம் என்று சொல்வது, இல்லாமல் உயிர் தங்காது என்பது மஜாந்தி கண்ட முடிவு. அந்தக் கண் புண்ணை வைட்டமின் ஏ குறைவோடு தொடர்புபடுத்தியவர்கள் பிற்காலத்தவர்.

நூறு ஆண்டு கழித்து இந்த ஆராய்ச்சி நம் பக்கத்து மலைக்கே வந்தது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். சத்து நீக்கிய உணவு கொடுத்த குரங்குகளுக்கு வயிற்றுப்போக்கும் குடல் அழற்சியும் வந்தன. குடல் கெட்டால் சத்து சேராது என்பது எல்லோருக்கும் தெரியும். சத்து சேராவிட்டாலும் குடல் கெடும் என்று குன்னூர் காட்டியது.

நாய்களிடமும் இதற்குச் சான்று உண்டு. வாய் புண்ணாகி, எச்சில் ஒழுகி, வயிற்றுப்போக்கோடு நாய்கள் சாகும் 'கருநாக்கு' நோய் அமெரிக்காவில் அறியப்பட்டிருந்தது. அதைக் குணப்படுத்துவது நிகோடினிக் அமிலம் என்று 1937-இல் கான்ராட் எல்வெஜெம் குழு கண்டது. மனிதரின் பெல்லாக்ரா நோய்க்கும் அதுவே மருந்தானது. குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. அங்கே சேலத்தில் பிறந்த சி.கோபாலனின் குழு, சோளத்தை நம்பி வாழ்ந்த ஏழைகளின் பெல்லாக்ராவைப் புரிந்துகொள்ள 1960-களில் நாய்க்குட்டிகளின் கருநாக்கை ஆராய்ந்தது. நாயின் தட்டிலிருந்து கற்றது மனிதனைக் காப்பாற்றியது.

கற்ற பாடத்தை இன்று நாயின் தட்டுக்கே திருப்பித் தர வேண்டும். நாள்பட்ட குடல் நோயுள்ள நாய்களில் பல, மருந்தைவிட உணவு மாற்றத்தாலேயே தேறுகின்றன. இதுவரை தின்றிராத ஒரே வகைப் புரதமும் ஒரே வகை மாவுச்சத்தும் கொடுத்துச் சில வாரம் பார்ப்பது கால்நடை மருத்துவர்களின் வழக்கம். அந்த நாட்களில் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும். கணையக் கோளாறு உள்ள சில நாய்களுக்குக் கொழுப்பைக் குறைப்பார்கள். குடல் உறிஞ்சாமல் விட்ட வைட்டமின் பி12-ஐ ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள். ஒரே வேளையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுப்பது சின்ன நாய்க்கு நல்லது.

ஆனால் வெறும் சோறும் கோழியும் மாதக்கணக்கில் போதாது. சுண்ணாம்புச் சத்தும் பல வைட்டமின்களும் அதில் குறைவு. எதை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடர வேண்டும். இதைக் கேட்க இன்று குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பேதி நின்றதா என்று பார்ப்பதோடு, மாதம் ஒருமுறை நாயை எடை போட்டும் பார்க்க வேண்டும். மஜாந்தியின் நாய் முதல் வாரம் நலமாகத்தான் தெரிந்தது.