அக்டோபர் பத்தும் காரணை மண்ணும்



தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 10 அன்று நாங்கள் ஏறுகிறோம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வண்டி போகும்போது இரண்டு பக்கமும் அடுக்குமாடிகளும் கல்லூரிகளும் 'வீட்டுமனை விற்பனைக்கு' பலகைகளும் வந்துகொண்டே இருக்கும். எங்களோடு வரும் மாணவர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். போன முறை ஒரு மாணவி கேட்டாள்: "அண்ணா, ரெண்டு பேரைச் சுட்டாங்கன்னு சொல்றீங்க. எதுக்குச் சுட்டாங்க?" வண்டி சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டும் வரை பதில் சொன்னோம். அப்போதும் முடியவில்லை. அந்தப் பதிலின் மீதிதான் இன்றைய உரை.

1994ஆம் ஆண்டு அக்டோபர் 10. செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ள காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்பதற்காக நடந்த போராட்டம் அது. நிலத்துக்குள் இறங்கிய மக்கள் அங்கே அண்ணல் அம்பேத்கரின் சிலையை வைத்தார்கள். போலீஸ் சிலையை அகற்றியது. சிலையையும் நிலத்தையும் கேட்டுத்தான் மக்கள் செங்கல்பட்டில் திரண்டார்கள்.

இதைத் 'துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம்' என்று மட்டும் சொல்லும் வழக்கம் நம்மிடமும் வந்துவிட்டது. அப்படிச் சொல்லும்போது நிலம் கதையிலிருந்து நழுவிவிடுகிறது. அவர்கள் எதற்காக வந்து நின்றார்கள் என்பது தெரிய வேண்டுமானால், நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நமக்கு முக்கியமானது, அதில் அவர் விளக்கும் ஏற்பாடு. செங்கல்பட்டுச் சீமையில் மிராசுதாருக்குத் தரிசு நிலத்தின் மீதும் முன்னுரிமை உண்டு. ஒரு பறையர் தரிசைக் கேட்டு தரக்காஸ்து போட்டால், மிராசுதார் குறுக்கே வந்து 'எனக்கு வேண்டும்' என்று சொல்லிவிடலாம். குடிசை நிற்கும் மனையும் அவருடையதே. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது, குடியிருப்பும் போகும். வாங்கிய சிறு கடனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாக இருந்தவர்களைக் கட்டிவைக்க இதற்கு மேல் சங்கிலி எதுவும் தேவைப்படவில்லை. மனை, நிலம், கல்வி ஆகியவற்றைத் தர வேண்டும் என்று திரமென்ஹீர் பரிந்துரைத்தார். அரசு அதில் சிறு பகுதியைத்தான் ஏற்றது. 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான வருவாய்த் துறை அரசாணை எண் 1010 அப்படி வந்ததுதான். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைகளில் சொல்லும் கணக்கின் தொடக்கமும் அதுவே. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது அந்த நிலத்தின் நிபந்தனை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 'வெள்ளைக்கார கலெக்டர் இரக்கப்பட்டுக் கொடுத்தார்' என்று நம் ஆட்களே பேசுகிறார்கள். திரமென்ஹீருக்கு உரிய மரியாதையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவர் அறிக்கை எழுதிய அதே 1891இல்தான் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். இதே செங்கல்பட்டுச் சீமையில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். கிராமங்களில் ஆட்கள் மிஷன்களை நாடிப் போனார்கள், கப்பலேறி வெளிநாட்டுத் தோட்டங்களுக்குப் போனார்கள், மனு எழுதினார்கள். கீழேயிருந்து வந்த அந்த நெருக்கடி இல்லாமல் மேலே ஒரு கோப்பும் நகர்ந்திருக்காது. ஜான் தாமஸும் ஏழுமலையும் அந்த வரிசையில் வருபவர்கள். கருணைக்காகக் கையேந்தி நின்று இறந்தவர்கள் இல்லை.

அந்த நிலம் எப்படிப் போனது? ஒரே நாளில் போகவில்லை. கடனுக்கு ஈடாகப் போனது, வெள்ளைத்தாளில் வைத்த கைநாட்டில் போனது, குத்தகை என்று சொல்லிப் போனது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது வருவாய்த் துறையில் யுடிஆர் என்று சொல்வதில், பல ஊர்களில் நிலத்தின் பழைய குறிப்பே காணாமல் போய், அனுபவத்தில் இருந்தவர் பெயரில் பட்டா ஏறியது. பிறகு பழைய மாமல்லபுரம் சாலை வந்தது, சென்ட் கணக்கில் விலை வந்தது. யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேட்டு ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நாங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். 'செல்லரித்துவிட்டது, வழங்க இயலாது' என்று பதில் வந்தது. மேல்முறையீட்டில் நேரில் போய் உட்கார்ந்தபோது அதே பதிவேட்டின் நாற்பது பக்கங்கள் கிடைத்தன. கரையானும் பாவம், எல்லாப் பழியையும் அது ஏற்க வேண்டியிருக்கிறது.

சாதியும் இனமும் ஒன்றா என்ற விவாதத்துக்குள் நாங்கள் இன்று போகவில்லை. 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில் சாதியைப் பேச வேண்டும் என்று தலித்துகள் கேட்டார்கள், இந்திய அரசு எதிர்த்தது. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் இறந்தவர்களை நினைவுகூரும் முறையில் நமக்குப் பாடம் உண்டு. அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில் 2018இல் ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. கும்பல் கொலையில் இறந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது அது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் இரும்புத் தூண், அதில் அந்த ஊரில் கொல்லப்பட்டவர்களின் பெயர். எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இரட்டை வெளியே கிடத்தப்பட்டிருக்கிறது, அந்தந்த மாவட்டத்தார் வந்து எடுத்துப்போய்த் தங்கள் ஊரில் நிறுத்திக்கொள்வதற்காக. எடுத்துப்போகாத தூண் அங்கேயே கிடக்கும், எந்த ஊர் மறுக்கிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும். கொலை நடந்த இடத்துக்கு உள்ளூர் மக்களே போய் மண்ணைத் தோண்டி, பெயர் எழுதிய கண்ணாடிக் குடுவையில் நிரப்பும் வழக்கமும் அங்கே உண்டு.

நாம் எப்படி நினைவுகூருகிறோம்? மனம் கசந்தாலும் சொல்கிறோம். ஃபிளெக்ஸில் இறந்தவர்களின் முகம் தபால்தலை அளவு, வாழும் தலைவரின் முகம் ஆளுயரம். ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனி நேரம். பத்து மணிக்கு வந்தவர் பதினொரு மணிக்கு வருபவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. மாலை வாடுவதற்குள் படம் முகநூலில் ஏறிவிடும். காரணையின் சர்வே எண் என்ன என்று கேட்டால் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனாலும் கூடுவதை நிறுத்தக் கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. நாம் கூடுவதைக் கண்டு இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 1957 செப்டம்பர் 11 அன்று கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனின் நினைவு நாளிலேயே, 2011இல் பரமக்குடியில் போலீஸ் சுட்டது. அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்திலிருந்து புதிய பிணங்கள் விழுந்தன. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகும் அந்தக் கல் நிற்கிறது. தீர்ப்பு மறந்தாலும் ஊர் மறக்காது என்று அங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் வந்து நிற்கும் கூட்டம் காட்டுகிறது.

பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் இருக்கும் நம் பிள்ளைகளையும் இதில் சேர்க்க வேண்டும். சென்னையின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு அந்த அடுக்குகளில் கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்கள் அவர்களுடையவை. காரணை அவர்களுக்கு வேறு யாருடைய கதையோ இல்லை. மனை தன் பெயரில் இல்லாதவரை எந்நேரமும் எழுப்பிவிடலாம் என்பதை 1891இன் படியாளுக்கு அடுத்து நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான்.

ஆகவே வரும் அக்டோபர் 10க்கு மூன்று காரியங்களை முடிவு செய்திருக்கிறோம். ஃபிளெக்ஸ் கிடையாது, இரண்டு பேரின் படம் மட்டும். உரை வீச்சுக்குப் பதிலாக, இதுவரை எங்கள் கையில் வந்திருக்கும் பதிவேட்டுப் பக்கங்களிலிருந்து ஊர், சர்வே எண், பரப்பு, முதலில் ஒப்படை பெற்றவர் பெயர் என்று வரிவரியாகச் சத்தமாக வாசிப்போம். வாசிக்கப்போவது மாணவர்கள். அடுத்து வரும் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் அதே பட்டியலை மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குவோம். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் இருந்ததாகப் பாட்டி, தாத்தா சொல்லக் கேட்டிருந்தால், ஊர்ப் பெயரையும் அவர்கள் அந்த நிலத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். 'டிசி நிலம்', 'கலெக்டர் கொடுத்த காணி' என்று எதுவானாலும் சரி. அரங்கின் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.