1914-இல் பிறந்த தமிழர் தேகப்பயிற்சிச் சங்கமும் பேராக் தோட்டத்துத் திடல்களும்

கோலாலம்பூர் கம்போங் பாரு வட்டாரத்தில் டி.பி.சி.ஏ. அரங்கம் என்று ஒரு திடல் இருக்கிறது. அங்கே பந்து விளையாடியவர்கள் பலருக்கும் அந்த நான்கு எழுத்துகளின் விரிவு தெரியாது. 'தமிழியன்ஸ் பிசிக்கல் கல்ச்சர் அசோசியேஷன்', அதாவது தமிழர் தேகப்பயிற்சிச் சங்கம். 1914-இல் தொடங்கப்பட்டது. அரசாங்க அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் கிராணி வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்களே அதற்கு அடித்தளம். பிற்காலத்தில் காற்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் என்றே சங்கத்தின் பெயர் பேசப்பட்டாலும், பெயர்ப்பலகையில் இருப்பது எந்தப் பந்தும் அல்ல, உடற்பயிற்சிதான்.

காரணம் அந்தக் காலத்தின் காற்று. ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பயில்வான் 1904, 1905 ஆண்டுகளில் இந்தியா உள்ளிட்ட கீழை நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து தன் உடற்கட்டைக் காட்டினார். 'பிசிக்கல் கல்ச்சர்' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியவர்களில் அவர் முதன்மையானவர். கையில்லாத பனியனை நாம் இன்றும் 'சாண்டோ பனியன்' என்கிறோம். கோவையில் தேகப்பயிற்சி சாலை நடத்தி, பிறகு படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னாலும் சாண்டோ ஒட்டிக்கொண்டார். ஒரு ஜெர்மன்காரர் பெயர் இத்தனை இயல்பாகத் தமிழாகிவிட்டது வேடிக்கைதான்.

அதே 1914-இல் மகாராஷ்டிராவின் அமராவதியில் வைத்யா சகோதரர்கள் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தைத் தொடங்கினார்கள். மல்லர்கம்பம், மல்யுத்தம், லாட்டி, கபடி எல்லாம் ஒரே முற்றத்தில். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அந்த மண்டலத்தார் அங்கே சென்று கபடி உள்ளிட்ட இந்திய விளையாட்டுகளைச் செய்து காட்டினார்கள். நம் தோட்டங்களில் சடுகுடு என்று ஆடியதும் அதே ஆட்டம்தான். ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடிக்குப் பதக்கம் கிடைக்க 1990 பெய்ஜிங் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே சங்கத்துக்குள் பல விளையாட்டு என்ற அமைப்பின் தாய்வீடும் ஜெர்மனிதான். 1811-இல் ஃபிரீட்ரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர் பெர்லினின் ஹாசன்ஹைடே வெளியில் இளைஞர்களுக்குத் திறந்தவெளிப் பயிற்சித் திடல் அமைத்தார். கம்பிகள், கட்டைகள், ஏறும் கயிறுகள். நெப்போலியனின் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த நேரம் அது. உடலைத் தேற்றுவது அரசியலும் ஆனது. நெப்போலியன் வீழ்ந்த பின் சொந்த அரசே பயந்தது. 1819-இல் யான் கைதானார். பிரஷ்யாவில் 1820 முதல் 1842 வரை இந்தப் பயிற்சிக்குத் தடை இருந்தது. தடை நீங்கியதும் ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. இன்று காற்பந்துக்காக அறியப்படும் மியூனிக் 1860 சங்கம் 1860-இல் உடற்பயிற்சிச் சங்கமாகவே தொடங்கியது. அதில் காற்பந்துப் பிரிவு வந்தது 1899-இல்தான். பாயர்ன் மியூனிக்கும் 1900-இல் இன்னோர் உடற்பயிற்சிச் சங்கத்தில் மனத்தாங்கலோடு பிரிந்து வந்தவர்கள் தொடங்கியதே.

பயிற்சி செய்யும் இளைஞர்களைக் கண்டு அதிகாரம் பயப்படுவது நமக்கும் புதிதல்ல. போர் முடிந்து 1946, 1947-இல் கெடாவின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கம்போடு அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள், கள்ளுக்கடைக்கு எதிராக நின்றார்கள். பிரிட்டிஷ் நிர்வாகம் அதைப் போலீசைக் கொண்டு அடக்கியது. மறு ஆண்டு, 1948 ஜூன் 16-இல், சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. அந்தச் சூழலில் தோட்டத்து இளைஞர்கள் கூடி நிற்பதே சந்தேகத்துக்குரிய காரியம்.

ஈப்போ பட்டணத்தின் கதை வேறு. விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டிச் சீன சமூகம் அளித்த ஈப்போ பாடாங் நடுவில் இருக்க, ஐரோப்பியர்களுக்கு 1895-இல் தொடங்கிய ஈப்போ கிளப் இருந்தது. சீனர்களுக்குச் சின் வூ வந்தது. 1910-இல் ஷாங்காயில் தற்காப்புக் கலைக்காகத் தொடங்கிய அந்தச் சங்கம் மலாயாவில் வேர்விட்டு, பல விளையாட்டுச் சங்கமாக வளர்ந்தது. ஈப்போவில் பேராக் சின் வூ இருக்கிறது. கோலாலம்பூரில் 1953-இல் நீச்சல் குளத்தோடு சொந்த அரங்கமே கட்டிக்கொண்டார்கள். இனவாரியாகப் பிரிந்த இந்தச் சங்கங்களைக் குறை சொல்லலாம். ஆனால் ஆவணமும் கணக்கும் கட்டடமும் அவற்றிடம் நிலைத்தன.

தோட்டத்தில் இருந்தது திடல் மட்டும். கோலக்கங்சாரில் 1877-இல் ஹியூ லோ காலத்தில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த மரத்தின் வம்சம்தான் பேராக் தோட்டங்களின் பொழுதை வகுத்தது. விடியுமுன் பெரட்டு, நண்பகலுக்குள் பால் எடுத்துக் கொட்டகையில் ஒப்படைப்பு. சாயங்காலம் கையில் நேரம் இருந்தது. லயத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் ஒரு பந்துத் திடல். அங்கே காற்பந்து, ஓரத்தில் சடுகுடு, திருவிழா நெருங்கினால் சிலம்பம். பல விளையாட்டுச் சங்கத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன, நிலப் பத்திரத்தைத் தவிர. திடல் தோட்டத்துரையின் நிலம். புல் வெட்டுவதும் கோல்கம்பம் நடுவதும் நிர்வாகத்தின் தயவு. குழுவின் பெயரும் தோட்டத்தின் பெயரே.

ஆகவே தோட்டம் கைமாறியபோது குழுவும் கரைந்தது. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்க வழி செய்தார். எல்லாத் தோட்டங்களையும் அப்படிக் காக்க முடியவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. சனங்கள் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள். கோயிலைப் பெயர்த்துக் கொண்டுபோகப் போராடினார்கள், தமிழ்ப்பள்ளியை இடமாற்றப் போராடினார்கள். திடலுக்காக மனுக் கொடுத்தவர்கள் குறைவு.

இன்று ஈப்போ சுற்றுவட்டாரத்தில் இளைஞர்கள் குழு அமைக்க நினைத்தால் சட்டம் கடினமானதல்ல. 1966 சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தாலே அது சங்கம். விளையாட்டு அமைப்புகளை 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிய வேண்டும். பதிவில்லாத குழுவின் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பதும், அரசாங்க மானியமோ ஊராட்சித் திடலோ கேட்பதும் சிரமம். ஆண்டுக்கூட்டம், தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பட்டியல் ஆகியவை பந்தடிக்கும் பையன்களுக்குச் சலிப்பான வேலைதான். 1914-இல் கோலாலம்பூரில் சங்கம் தொடங்கியவர்கள் கிராணிகள். குறிப்பு எழுதுவதும் கணக்கு வைப்பதும் அவர்கள் அன்றாடத் தொழில். பால்மரம் வெட்டியவருக்கு அந்தப் பழக்கம் வாய்க்க வழியில்லை. இப்போது அவர் பேரப்பிள்ளைகளில் கணக்காய்வாளரும் இருக்கிறார், வழக்கறிஞரும் இருக்கிறார். பழைய தோட்டக் குழுக்களின் படங்களும் கிண்ணங்களும் இன்னும் சில வீட்டு அலமாரிகளில் உண்டு. அவற்றில் எழுதியிருக்கும் தோட்டப் பெயர்கள் பல இப்போது தாமான் பெயர்களாகிவிட்டன.